ஆறாம் எண் குழாய்

ஜனவரி 9

அடேய் தீனிப்பண்டாரம்,

சாப்பிட்டாச்சான்னு உன்கிட்ட கேக்கிறது வீண். எத்தனையாவது தடவைன்னுதான் கேக்கணும். அம்மா எப்படி இருக்காங்க? உன் வீட்டுக்காரி வாயும் வயிறுமா இருக்கான்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சுட்டு ஆய்வகத்துல எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் குடுத்தேன். வாந்தி நின்னுச்சா? நீ கொண்டு வந்து போடுற டைல்ஸ் பெட்டியை அவ கால்ல நகர்த்தக்கூட விடாதே.

இங்க வேலை வழக்கம்போல. காலையில வந்ததும் அடைகாக்கிற பெட்டியிலேருந்து கோழி முட்டைங்களை எடுத்து, ஓட்டுல சின்ன ஜன்னல் வெட்டி உள்ள இருக்கிற கருவைப் பாக்கறேன். நேத்து ஒண்ணுல இதயம் துடிக்க ஆரம்பிச்சிருந்தது. கடுகளவு கூட இல்லை, ஆனா என்ன அடம்! நீ பிறந்தப்பவும் இப்படித்தான் அழுது வீட்டையே ரெண்டாக்கினியாம்.

ஒரு விஷயம் கேக்கணும். போன வருஷம் நீயும் அம்மாவும் இங்க வந்தப்போ எங்க ஆய்வுக்கு ரத்தம் குடுத்தீங்களே. செல்களை ஒண்ணோடொண்ணு ஒட்ட வைக்கிற ஜீன் கருவுல எப்படி வேலை செய்யுது, வயசானா எப்படி, புற்றுநோய்ல எப்படின்னு பாக்கறோம்னு நான் விளக்க விளக்க நீ கொட்டாவி விட்டே. நோயாளிங்க ரத்தத்தோட ஒப்பிட ஆரோக்கியமான ஆளுங்க வேணும். வேலை பாக்கிறவங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும்தான் கையை நீட்டுவோம், இங்க அதான் வழக்கம். அது சம்பந்தமா கொஞ்சம் குடும்ப விவரம் வேணும். அப்பாவுக்குக் கடைசியில என்ன ஆச்சுன்னு அம்மாகிட்ட நிதானமா கேட்டு எழுது. வயித்துப் புண்ணுன்னு நமக்குச் சொன்னாங்க. அதைச் சொன்னது டாக்டரா, வீட்ல இருந்தவங்களா? அப்பா கூடப் பிறந்த அத்தை சின்ன வயசுலயே போனாங்களே, அவங்களுக்கு என்ன? சும்மாதான் கேக்கறேன்.

போன்ல கேட்டிருக்கலாம். நீ சிரிச்சே மழுப்பிடுவே. நான் ஹாஸ்டல்ல இருந்த காலத்துலேருந்து நமக்குக் கடிதம்தான் சரிப்பட்டு வருது.

அக்கா

*

ஜனவரி 26

முட்டைக்காரிக்கு,

மூணாவது தடவை. போதுமா? இங்க எல்லாரும் உயிரோடவும் சத்தத்தோடவும் இருக்கோம். வீட்டுக்காரிக்கு வாந்தி நின்னுடுச்சு, கோபம் ஆரம்பிச்சிருக்கு. வேலை பாக்கிற சலவைக்கடை கவுண்ட்டர்ல வர்றவங்ககிட்ட எல்லாம் சண்டை. அவளுக்கு வேணாம்னு ஒதுக்கி வெக்கிற சாப்பாட்டையும் நானே கவனிச்சுக்கறேன், ஒண்ணும் வீணாகல.

அம்மாவுக்குத்தான் கையில காயம். கடிகார வார் உரசினதுக்கே தோல் உரிஞ்சு வந்துடுச்சு. கட்டுப் போட்டிருக்கு. "உன் அக்கா ஒட்ட வைக்கிற படிப்புதானே படிக்கிறா, எனக்கு ஒரு டப்பா பசை அனுப்பச் சொல்லு"ன்னு கிண்டல் வேற.

நீ கேட்டதைக் கேட்டேன். அம்மா சொன்னாங்க. அப்பாவை ஆப்பரேஷன் பண்ணவே ஆரம்பிச்சாங்களாம். திறந்து பாத்தாங்க, ஒண்ணும் பண்ணாமத் திருப்பித் தைச்சுட்டாங்க. புண்ணுன்னு சொன்னது அம்மாதான். நாம சின்னப் பிள்ளைங்க, பயந்துடுவோம்னு. அப்பாவுக்கு அப்ப நாப்பது கூட ஆகல. அத்தைக்கும் சாப்பாடு இறங்கலியாம். ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்சு போச்சுன்னு தட்டைத் தள்ளி வெச்சுடுவாங்களாம். நம்ம குடும்பத்துல தட்டைத் தள்ளி வெச்ச ஒரே ஆள் அவங்கதான் போல.

இதையெல்லாம் ஏன் இப்ப கிளர்றே? அம்மா ரெண்டு நாளா முகம் குடுத்துப் பேசல. நீ எப்படி இருக்கே, அதை எழுத மறந்துட்டே பாரு.

இப்ப ஒரு பெரிய கட்டடத்துக்குத் தரை போட்டுக்கிட்டிருக்கோம். முட்டி தேயுது.

தம்பி

*

பிப்ரவரி 5

அன்புத் தம்பிக்கு,

அம்மா கையில கட்டுப் பிரிக்கும்போது பிளாஸ்திரியை வெடுக்குன்னு இழுக்காதே. தண்ணியில ஊற வெச்சு எடு. வயசாக ஆகத் தோலுக்கு ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிற பலம் குறைஞ்சுடும். வீட்டுக்காரியைத் தினம் எண்ணெய் தடவிவிடச் சொல்லு, அவளுக்கு நேரமில்லேன்னா நீ தடவு. பசை அனுப்ப முடியாதுன்னு அம்மாகிட்ட சொல்லிடு.

நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. ஒரு நாள் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாரு. உனக்கு வயசு முப்பத்தஞ்சு ஆச்சு. அப்பாவுக்கும் அத்தைக்கும் இப்படி ஆச்சுன்னு சொல்லு, அவங்களே பாப்பாங்க. வலி இல்லையே, நான் நல்லாத்தானே சாப்பிடறேன்னு எனக்குப் பதில் எழுதாதே. அது எனக்குத் தெரியும். அப்பா வரப்போறாரு, தகப்பன் ஆகப்போறே, ஒரு தடவை பாத்துட்டா என் மனசு ஆறும். என் மேல சத்தியம்.

என்னைக் கேட்டிருந்தே. முட்டைங்க எல்லாம் நல்லா இருக்கு. வாட்ச்மேன் வளர்க்கிற பூனை குட்டி போட்டிருக்கு, என் மத்தியான டப்பாவுல பாதி அதுக்குத்தான் போகுது. ரொம்ப மரியாதை தெரிஞ்ச பூனை.

சீக்கிரம் எழுது.

அக்கா

*

மார்ச் 17

எங்க வீட்டு டாக்டரம்மாவுக்கு (டாக்டர் இல்லைன்னாலும்),

"அப்பா வரப்போறாரு"ன்னு எழுதி வெச்சிருக்கே, அதைப் படிச்சுட்டு அம்மா பயந்தே போயிட்டாங்க! நான் அப்பா ஆகப்போறேன்னு எழுத வந்தியா? என்ன ஆச்சு உனக்கு? எழுதினதைத் திருப்பிப் படிக்காம அனுப்புற ஆளா நீ?

சரி, போயிட்டு வந்தேன். நானா போகல, வீட்டுக்காரி காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. "அண்ணி சத்தியம் பண்ணியிருக்காங்க, போகலேன்னா இன்னியிலேருந்து சமையல் கிடையாது"ன்னுட்டா. எனக்குப் பலவீனம் எங்கேன்னு அவளுக்குத் தெரியும். தொண்டையில மருந்து அடிச்சுட்டுப் பாம்பு மாதிரி ஒரு குழாயை விட்டாங்க. என் வயித்தை நானே டிவியில பாத்தேன். ரோஸ் கலர்ல, பளபளன்னு, மடிப்பு மடிப்பா. நான் போட்ட எந்தத் தரையும் அவ்வளவு அழகா இல்லை.

எல்லாம் நார்மல். டாக்டர் தோள்ல தட்டி அனுப்பிட்டாரு. ஒரு நாள் கூலி போச்சு, அந்த வயித்தெரிச்சல் மட்டும்தான். அதுவும் உங்க லேபுல என் ரத்தத்து மேல நார்மல்னுதானே சீட்டு ஒட்டினே? அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இந்தக் குழாயை முழுங்காம இருந்திருப்பேன்.

இப்ப உன் மனசு ஆறிடுச்சா? நீ எப்படி இருக்கேன்னு இந்தத் தடவையும் எழுதல. பூனையைப் பத்தித்தான் எழுதியிருக்கே.

தம்பி

*

மார்ச் 25

தம்பி,

ஒண்ணும் விசாரிக்காம ஆரம்பிக்கறேன், கோச்சுக்காதே. இதை எழுதி எழுதிக் கிழிச்சாச்சு. உக்காந்து படி. சைட்ல நின்னுக்கிட்டுப் படிக்காதே.

நீ ரத்தம் குடுத்த குழாய் நார்மல் இல்லை.

நார்மல்ங்கிறது ஆரோக்கியமானவங்க குழாய்க்கெல்லாம் ஒட்டுற பொதுச் சீட்டு. எங்க ஆய்வகத்துல குழாய்க்குப் பேர் கிடையாது, எண் மட்டும்தான். யாரோடதுன்னு யாருக்கும் தெரியக்கூடாது. முடிவு என்னவா இருந்தாலும் குடுத்தவங்ககிட்ட சொல்லக்கூடாது, நீயும் அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டே. ஆனா அன்னிக்கு ஊசி குத்தினதும் சீட்டு ஒட்டினதும் நான். ஏழாம் எண் நீ. நான் மறக்கணும்னு நினைச்சாலும் மறக்காது.

டிசம்பர்ல முதல் கணக்கு வந்தப்போ ஏழாவதுல அந்த ஜீனோட வேலை மத்தவங்கள்ல பாதிதான் இருந்தது. என் கைத்தப்புன்னு நினைச்சேன். மறுபடி செஞ்சேன். அதே பாதி. எங்க மேடம் எட்டிப் பாத்துட்டு, "இது கூட்டத்துல சேரல, எடுத்துப் போட்டுட்டு வேற ஆளை வை"ன்னு சொல்லிட்டுக் காபி குடிக்கப் போயிட்டாங்க. அவங்களுக்கு அது ஒரு புள்ளி. எனக்கு அது நீ. அவங்க கிட்ட சொல்லாம அந்த ஜீனை எழுத்தெழுத்தாப் படிச்சுப் பாத்தேன். ஒரு இடத்துல உடைஞ்சிருக்கு.

புரியற மாதிரி சொல்றேன். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் பக்கத்து செல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. அந்தப் பிடிப்புக்கான பசையைச் செய்யத்தான் இந்த ஜீன். அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணுன்னு எல்லார்கிட்டயும் ரெண்டு இருக்கும். எட்டாம் குழாய் அம்மாவோடது, அது சரியா இருக்கு. உனக்கு அப்பா குடுத்ததுதான் கெட்டுப்போன டப்பா. ஒரு நல்ல டப்பாவே போதும், அதை வெச்சுத்தான் நீ இவ்வளவு பெரிய தடியனா வளர்ந்தே. ஆனா வயித்துச் சுவர்ல எங்கேயோ ஒரு செல்லுல அந்த நல்லதும் நின்னுபோனா, அது பக்கத்துப் பிடியை விட்டுடும். தனித்தனியா சுவருக்குள்ளயே நழுவிப் போகும். கட்டியா மேல எழும்பாது. மேல்பக்கம் பளபளன்னுதான் இருக்கும். நீ டிவியில பாத்தது மேல்பக்கம். கேமரா போட்டா போதும்னு நான் உன்னை அனுப்பினதே தப்பு. பாதி உண்மை சொல்லி உன்னை அனுப்பினேன், பாதிப் பதில்தான் வந்தது.

அதுதான் வயித்துப் புற்றுநோய். எல்லாருக்கும் வரும்னு இல்லை. நம்ம வீட்ல ரெண்டு பேருக்கு வந்திருக்கு.

ஜீன் டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அப்பா கதையும் அத்தை கதையும் போதும், அவங்களே ரத்தம் எடுப்பாங்க. என் பேரை இழுக்காதே, தெரிஞ்சா வேலை போகும். போனாலும் போகட்டும், அதுக்காக நீ போகாம இருக்காதே. உடைஞ்சிருக்குன்னு அவங்களும் சொன்னா வழி ஒண்ணுதான். நோய் வர்றதுக்கு முன்னாடியே வயித்தை முழுசா எடுத்துடறது.

தெரியும்டா. உன்கிட்ட போய் இதைச் சொல்ல வேண்டி வந்திருக்கு பாரு. உன் சாப்பாட்டுத் தட்டை நானே பிடுங்கிற மாதிரி இருக்கு. அழுதுட்டுத்தான் எழுதறேன்.

அக்கா

*

மே 2

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்க உடம்பு எப்படி இருக்கு அண்ணி? நான் உங்களுக்கு எழுதறது இதான் முதல் தடவை. தப்பா இருந்தா மன்னிக்கணும். நானும் குழந்தையும் நல்லா இருக்கோம், உள்ள உதைக்கிறது நல்லாத் தெரியுது. உங்க அம்மா கை ஆறிடுச்சு.

உங்க தம்பிதான் சரியில்லை. சொன்ன பேச்சுக் கேக்காம உங்க கடிதத்தைச் சைட்ல நின்னுக்கிட்டேதான் படிச்சிருக்காரு. அன்னிக்குப் போட்ட குளியலறைத் தரையில வாட்டம் மாறிப்போய், ஊத்தின தண்ணியெல்லாம் வடிகாலை விட்டுட்டு வாசலுக்கு வந்துடுச்சாம். மேஸ்திரி கத்தின கத்துல முழுத் தரையையும் பெயர்த்தாரு. இத்தனை வருஷத்துல இப்படி நடந்ததே இல்லை.

வீட்ல சிரிக்கிறதில்லை. சாப்பாட்டை முன்னாடி வெச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டிருக்காரு. ஜோக் அடிக்காத மனுஷனை எனக்குப் பழக்கமே இல்லை அண்ணி, பயமா இருக்கு. பெட்டியைக் கிளறித்தான் கடிதத்தைப் படிச்சேன். "டிசம்பர்லயே தெரிஞ்சிருக்கு. அப்பா எப்படிச் செத்தாரு, அத்தை எப்படிச் செத்தாங்கன்னு சுத்தி வளைச்சுக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. என்னை என்ன, அவ முட்டையில ஒண்ணுன்னு நினைச்சாளா"ன்னு ஒரே ஒரு தடவை கத்தினாரு. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டேங்கறாரு.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். வயிறு இல்லாம மனுஷன் சாப்பிட முடியுமா? குழந்தைக்கும் இது இருக்குமா? ஆறுதலுக்காக எதையும் சொல்லாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க.

உங்கள் தம்பி மனைவி

*

மே 10

அன்புள்ள தம்பி பெண்டாட்டிக்கு,

தப்பு ஒண்ணும் இல்லைம்மா. நீ எழுதினதுதான் எனக்குத் தெம்பு. தினமும் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்தேன்.

உள்ளதைச் சொல்றேன். குழந்தைக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சரிபாதி. உன் புருஷனுக்கும் சரிபாதிதான் இருந்தது. இருந்தாலும் சின்ன வயசுல ஒண்ணும் செய்யாது. பெரியவனாகி, பெரியவளாகி, தானே முடிவெடுக்கிற வயசு வந்ததும் பாத்துக்கலாம். அதுக்குள்ள எங்களை மாதிரி ஆளுங்க இன்னும் நல்ல வழி கண்டுபிடிப்போம்னு நம்பு. நான் நம்பறேன்.

இன்னொண்ணு. உன் குழந்தை உன் உள்ள எட்டு செல்லா இருந்த நேரத்துல, எட்டும் தனித்தனியா உருண்டைக் கல்லு மாதிரி கிடந்திருக்கும். அப்ப இந்த ஜீன்தான் எழுந்து வேலை செய்யும். எட்டும் ஒண்ணையொண்ணு இறுக்கிக் கட்டிக்கும். எது எதுன்னே பிரிச்சுப் பாக்க முடியாது. அதை மைக்ராஸ்கோப்புல எத்தனை தடவை பாத்தாலும் எனக்குச் சலிக்காது. அந்த வேலையை உன் குழந்தை எப்பவோ முடிச்சாச்சு. இப்ப உதைக்குதுன்னா எல்லாம் ஒட்ட வேண்டிய இடத்துல ஒட்டியிருக்குன்னு அர்த்தம். நிம்மதியா இரு.

வயிறு இல்லாம சாப்பிடலாம். தொண்டைக் குழாயைக் குடலோட நேரா சேர்த்துடுவாங்க. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி, நல்லா மென்னு சாப்பிடணும். ரெண்டு வாயிலயே போதும்னு ஆயிடும். மார்புக்குக் கீழ கல்லு வெச்ச மாதிரி இருக்கும், அப்ப நிமிர்ந்து உக்காந்துட்டுக் கொஞ்சம் நடந்தா சரியாகும். முதல்ல பயமா இருக்கும், அப்புறம் பழகிடும்.

அவன் என்னைத் திட்டட்டும். திட்டிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. முட்டைன்னு நினைக்கலைன்னு சொல்லு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாலு மாசம் கோழை மாதிரி சுத்தி வந்தேன், அவ்வளவுதான்.

அண்ணி

*

ஜூன் 18

அக்கா,

கோபம் இன்னும் போகல. அதை முதல்லயே சொல்லிடறேன். நாலு மாசம்! நாலு மாசமா என்கிட்ட பூனையைப் பத்தி எழுதியிருக்கே.

போனேன். ரத்தம் எடுத்தாங்க. நீ சொன்ன அதே இடத்துல உடைஞ்சிருக்கு. உன் பேரை இழுக்கல. "ரொம்ப விவரமா வந்திருக்கீங்களே"ன்னு அந்த டாக்டரம்மா ஒரு மாதிரியா பாத்தாங்க. எங்க வீட்ல ஒரு வாயாடி இருக்கான்னு சொல்லிட்டேன். குழந்தை பிறந்த மறு மாசம் ஆப்பரேஷன். அப்பா படத்து முன்னாடி அம்மா போய் நின்னுக்கிட்டு ரொம்ப நேரம் அவரையே திட்டிக்கிட்டிருந்தாங்க. செத்த மனுஷன் பாவம், அவருக்கு மட்டும் தெரியுமா என்ன.

இப்ப என் வேலை என்ன தெரியுமா? பிடிச்சதையெல்லாம் ஒரு தடவை வயிறு முட்டச் சாப்பிட்டு விடைபெறது. சைட்ல இருக்கிறவங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு வந்து குடுக்கறாங்க. மேஸ்திரி கூட. அழுதுக்கிட்டே குடுக்கிறாரு, நான் சிரிச்சுக்கிட்டே சாப்பிடறேன். அன்னிக்கு ஒருநாள் சாப்பிட்டு முடிச்சுட்டு நானும் அழுதேன்.

ஒண்ணு கேக்கணும்னு வெச்சிருந்தேன். ரத்தம் எடுத்த அன்னிக்கு ஊசியைப் பாத்து நான் பின்வாங்கினேன். "பயந்தாங்கொள்ளி, பாரு"ன்னு எனக்கு முன்னாடி அந்த நாற்காலியில நீ உக்காந்து கையை நீட்டினே. நான் ஏழு, அம்மா எட்டு. அப்ப ஆறு நீதானே? நீயும் அப்பா பொண்ணுதானே? ஆறு என்ன ஆச்சு?

தம்பி

*

ஜூன் 28

என் தங்கத் தம்பிக்கு,

நீ போனேன்னு படிச்சதும் வயித்துல பாலை வார்த்தே. திட்டு, எவ்வளவு வேணும்னாலும் திட்டு, எல்லாத்தையும் வரிசையா வாங்கிக்கறேன்.

ஆப்பரேஷனுக்கு முன்னாடி நல்லா நட. மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுப்பாங்க, விளையாட்டா எடுத்துக்காதே. அப்புறம் முதல் மாசம் நீ இளைச்சுத்தான் போவே, வீட்ல யாரும் பயப்படக் கூடாது. தண்ணியைச் சாப்பாட்டோட குடிக்காதே, தனியா குடி. வைட்டமின் பி பன்னிரண்டு ஊசி வாழ்நாள் முழுக்க மறக்கக்கூடாது. இதையெல்லாம் வீட்டுக்காரிகிட்டயும் படிச்சுக் காட்டு, நீ சௌகரியமா மறந்துடுவே.

ஆறாம் எண்ணைக் கேட்டிருந்தே. அதோட வரிசை வரும்போது பாத்துக்கலாம். இப்ப உன் வரிசை. கவனத்தை அங்க இங்க சிதற விடாதே.

குழந்தை பிறக்கும்போதும் உன் ஆப்பரேஷனுக்கும் வரணும்னு மனசு அடிச்சுக்குது. லீவு கிடைக்கிற மாதிரி தெரியல. இந்தக் கையெழுத்தைப் பாத்து முழிக்காதே, பேனா சரியில்லை.

அக்கா

*

செப்டம்பர் 20

ஆருயிர் அக்காவுக்கு, வயிறில்லாத தம்பி எழுதறது,

இனிமே என் வயித்துல பால் வார்க்கணும்னா எங்க வார்ப்பே? யோசிச்சு வை.

பொண்ணு நல்லா இருக்கா. நீ அனுப்பின தொப்பி ரெண்டு வயசு வரைக்கும் ஆகும், அவ்வளவு பெருசு. பசி வந்தா என்னை மாதிரியே கத்தறா. நான் எடை குறைஞ்சு பழைய கால்சட்டைக்குள்ள நீந்தறேன். சின்னக் கிண்ணத்துல சூப்பு, அரைத் துண்டு ரொட்டி, ஒரு மணி நேரம் கழிச்சு அரை முட்டை. உன் முட்டையில கூட இவ்வளவு நிதானமா யாரும் வேலை செஞ்சிருக்கமாட்டாங்க. முந்தாநாள் முதல் தடவையா ஒரு வாயோட ருசி முழுசாத் தெரிஞ்சுது. இவ்வளவு நாள் அவசரத்துல முழுங்கியிருக்கேன்போல.

எடுத்த வயித்தை வெட்டிப் பாத்தாங்களாம். டாக்டரம்மா கதவைச் சாத்திட்டுச் சொன்னாங்க. சுவருக்குள்ள பல இடத்துல ஆரம்பிச்சாச்சாம். பொட்டுப் பொட்டா, ஊசிமுனை அளவுல. வெளியில எங்கயும் போகல. "சரியான நேரத்துல வந்துட்டீங்க"ன்னாங்க. அக்கா, அந்தப் பளபளப்புக்குக் கீழயே இருந்திருக்கு. நீ விதியை மதிச்சு வாயை மூடிக்கிட்டிருந்தா என் பொண்ணுக்கும் ஒரு நாள் வயித்துப் புண்ணுன்னு கதை சொல்லியிருப்பாங்க. என் கோபமெல்லாம் அன்னிக்கு அந்த அறையிலயே போச்சு.

இப்ப நீ கேளு. படுக்கையில வேலை இல்லாம உன் கடிதத்தையெல்லாம் வரிசையா வெச்சுப் படிச்சேன். நான் எப்படி இருக்கேன், அம்மா எப்படி, வீட்டுக்காரி எப்படி, பூனை எப்படி, எல்லாம் இருக்கு. நான் நல்லா இருக்கேன்னு ஒரு கடிதத்துலயும் ஒரு வரி, ஒரு வார்த்தை கிடையாது. பொய் சொல்லத் தெரியாது உனக்கு, அதனால எழுதாமலே விட்டுட்டே. மத்தியான டப்பாவுல பாதி ஏன் பூனைக்குப் போகுது? வயிறு எடுத்தவன் ரெண்டு வாயில போதும்பான், கல்லு வெச்ச மாதிரி இருக்கும்னு என் வீட்டுக்காரிக்கு எழுதியிருக்கியே, அது எந்தப் புஸ்தகத்துல படிச்சது? எனக்கு இப்ப வயிறு இல்லை, எனக்குத் தெரியுது. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

தொப்பியோட ஒரு ஃபோட்டோ வந்திருந்தது, உங்க ஆய்வகத்துல எல்லாரும் நிக்கிறது. ஓரத்துல நிக்கிற ஒல்லியான அம்மா யாருன்னு வீட்டுக்காரி கேட்டா. நானும் கொஞ்ச நேரம் முழிச்சேன் அக்கா. அப்புறம்தான் அந்த மூக்குக்கண்ணாடியைப் பாத்து அடையாளம் தெரிஞ்சுது.

ஆறாம் எண் என்ன ஆச்சு? மழுப்பாம எழுது.

தம்பி

*

அக்டோபர் 1

தம்பி,

நான் நல்லா இல்லை.

எழுதிட்டேன் பாரு. இதை எழுதறதுக்குப் பத்து மாசம் ஆச்சு.

ஆறாம் குழாய் உறைபெட்டியில அடுக்குக்குப் பின்னாடி இருக்கு. என்னோடதைக் கடைசியில பாத்துக்கலாம்னு வெச்சிருந்தேன், ஏழாவதோட முடிவைப் பாத்த அன்னிக்கே அதை வரிசையிலேருந்து எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். மேடம் கேட்டதுக்கு உடைஞ்சுடுச்சுன்னேன். உன்னைத் துரத்தித் துரத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவ, என் வாசல்லேருந்து ரெண்டு கட்டடம் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகல. உன் காரியம் முடியட்டும், குழந்தை பிறக்கட்டும், முட்டைங்க ஒரு கட்டத்துக்கு வரட்டும்னு எனக்கே காதுல பூ சுத்திக்கிட்டேன். பயம்டா. வேற ஒண்ணுமே இல்லை. எல்லாம் தெரிஞ்சவளுக்குப் பயம் ரெண்டு மடங்கு. மைக்ராஸ்கோப்புல தினமும் பாக்கறதை என் உள்ள வெச்சு நினைச்சுப் பாக்க என்னால முடியல.

உன் கடிதம் வந்த மறுநாள் போனேன். கேமராவே போதும்னு ஆயிடுச்சு. வயிறு விரிஞ்சு குடுக்கல, சுவர் தோல் மாதிரி விறைச்சுப் போயிருக்காம். வெளியிலயும் கொஞ்சம் போயிருக்கு. ஆப்பரேஷன் இப்ப முடியாது, மருந்து ஏத்திப் பாக்கலாம்னு சொல்றாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஆரம்பம். ஆறாம் குழாயைத் திறந்து பாக்க வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு.

அம்மாகிட்ட வயித்துப் புண்ணுன்னு சொல்லாதே. நம்ம வீட்ல அந்தப் பொய் போதும். உள்ளதைச் சொல்லு, பக்கத்துல உக்காந்து சொல்லு.

மருந்து ஏத்துற நாள்ல கூட ஒரு ஆள் இருக்கணும்னு கேட்டாங்க. யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

பாப்பாவோட ஃபோட்டோ இன்னொண்ணு அனுப்பு.

அக்கா

*

அக்டோபர் 8

அடி முட்டைக்காரி,

யாரும் இல்லைன்னு யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தே? நாளைக்கே போய் அதை அடிச்சுட்டுத் தம்பி இருக்கான்னு எழுது.

அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன், பக்கத்துல உக்காந்து. ரொம்ப நேரம் என் கையை விடல. விட்டதும் எழுந்து போய் உனக்குப் போட சுவெட்டர் தேட ஆரம்பிச்சாங்க. அவங்க பாப்பாவையும் வீட்டுக்காரியையும் பாத்துக்கறேன்னுட்டாங்க. வீட்டுக்காரி டிக்கெட் போட்டுட்டா. மேஸ்திரி எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கோன்னுட்டாரு. இந்தக் கடிதம் முன்னாடி வருமா, நான் முன்னாடி வருவேனான்னு தெரியல. நான் முந்திட்டா தபால்காரர்கிட்டேருந்து நானே வாங்கி உனக்குப் படிச்சுக் காட்டறேன்.

உனக்கு நல்லாயிடும்னு எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது, உனக்கு என்னைவிட நல்லாவே தெரியும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ரெண்டு வாய்க்கு மேல இறங்காதவங்க எப்படிச் சாப்பிடணும்னு இப்ப நம்ம குடும்பத்துலயே எனக்குத்தான் நல்லாத் தெரியும். ஒரு கரண்டி, ஒரு கதை, ஒரு நடை, மறுபடி ஒரு கரண்டி. நானும் அதேதான் சாப்பிடணும். அவசரப்படுத்த யாரும் இல்லை.

பெரிய தட்டெல்லாம் எடுத்து உள்ள வை. ரெண்டு சின்னக் கிண்ணம் மட்டும் கழுவி மேல வை. பூனைக்கு இனிமே பாதி கிடையாதுன்னு சொல்லிடு.

கதவைத் தாழ் போடாதே, வந்துக்கிட்டே இருக்கேன்.

தம்பி